நிற்கும் லாரிக்குக் கூலி உண்டா?

கர்நூல், கடப்பை, பீலேரு வழியாகச் சித்தூர் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலை பிரியுமிடம் புத்தலப்பட்டு. தெற்கே சித்தூரைத் தாண்டினால் ஒரு பக்கம் ராணிப்பேட்டை, சென்னை, மறுபக்கம் பெங்களூரு. மதனப்பள்ளித் தக்காளியும் சித்தூர் மாம்பழமும் மாங்கூழும் வெல்லமும் இப்பகுதிச் சாலைகளில்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. அவற்றைச் சுமந்து செல்லும் லாரிகளில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமானவை அல்ல. ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து லாரிகள் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களே இத்தொழிலின் முதுகெலும்பு. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இதே நிலைதான். இந்தச் சிறு தொழிலில் ஓட்டுநருக்கு எதைக் கணக்கிட்டுக் கூலி கொடுப்பது என்ற கேள்வி, தில்லியில் 2025 நவம்பரில் எடுக்கப்பட்ட ஒரு முடிவால் முன்னைவிடச் சிக்கலாகியிருக்கிறது. அதுபற்றிப் பேசுவோர்தான் யாருமில்லை.

2025ஆம் ஆண்டு மாம்பழப் பருவத்தை நினைவுபடுத்திக்கொண்டால் கேள்வி எளிதில் விளங்கும். கிளிமூக்கு என்று தமிழகத்திலும் தோத்தாபுரி என்று ஆந்திரத்திலும் வழங்கும் மாங்காயின் விலை அந்த ஆண்டு படுவீழ்ச்சி கண்டது. மாங்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. கர்நாடகத்துக் காய் சித்தூருக்குள் வரக்கூடாது என்ற தடையும், அதையொட்டி இரு மாநிலங்களுக்கிடையே கடிதப் போரும் எழுந்தன. ஆலை வாசல்களில் டிராக்டர்களும் லாரிகளும் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. விவசாயிக்காக எல்லாக் கட்சிகளும் குரல் கொடுத்தன. அது நியாயமானதே. ஆனால், அந்த வரிசையில் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு, இரவிலும் வண்டியை விட்டு அகல முடியாமல் கிடந்த ஓட்டுநருக்கு அந்த நாள்களுக்கு என்ன கூலி என்று எந்தக் கட்சியும் கேட்கவில்லை.

பல இடங்களில் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. காரணம், லாரித் தொழிலில் கூலி கணக்கிடப்படும் முறை. சில உரிமையாளர்கள் சிறு தொகையை மாதச் சம்பளமாக வைத்து, நடைக்கு இவ்வளவு என்று படி தருகிறார்கள். சிலர் வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பங்கு தருகிறார்கள். இன்னும் சிலர் மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து, டீசல், சுங்கம், சாப்பாடு, வழிச் செலவு எல்லாம் போக மிஞ்சியது உன்னுடையது என்று சொல்லி அனுப்புகிறார்கள். முறை எதுவானாலும் அடிப்படை ஒன்றே: சக்கரம் சுழன்றால் கூலி, நின்றால் இல்லை. சரக்கு ஏற்றக் காத்திருப்பதும், இறக்கக் காத்திருப்பதும், திரும்பு லோடு கிடைக்கும்வரை புக்கிங் ஆபீஸ் வாசலில் படுத்திருப்பதும், பகலில் லாரிகளுக்குத் தடையுள்ள தில்லி போன்ற நகரங்களின் எல்லையில் இரவு வரும்வரை நிற்பதும் அவர் கணக்கில் வேலையே அல்ல.

இப்படி இழந்த நேரத்தை அவர் எங்கே ஈடுகட்டுவார்? சாலையில்தான். இரண்டு நாள் வாசலில் நின்றவர், அடுத்த இரண்டு இரவுகளைத் தூங்காமல் ஓட்டி அடுத்த நடையைப் பிடிக்க முயல்கிறார். சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி நம் நாட்டு லாரி ஓட்டுநர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 12 மணி நேரம் வண்டி ஓட்டுகிறார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர், களைப்பும் தூக்கக் கலக்கமும் இருக்கும்போதும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். சித்தூர்-பெங்களூரு சாலையின் மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பர் 13 அன்று அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் மாண்டனர். இத்தகைய ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பிரேக் பிடித்ததா, ஓட்டுநர் குடித்திருந்தாரா என்று விசாரிக்கிறோம். கடைசியாக எப்போது தூங்கினார், அவருக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பவை விசாரணைப் படிவத்தில் இடம்பெறுவதில்லை.

உரிமையாளரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது; சரியல்ல. புத்தலப்பட்டு போன்றதோர் ஊரில் மூன்று லாரிகள் வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பெரும்பாலும் அவரே முன்னாள் ஓட்டுநராக இருப்பார். மாதம் பிறந்தால் கடன் தவணை நிற்கிறது. டீசல் விலை அவர் கையில் இல்லை. காப்பீடு, டயர், சாலை வரி, சுங்கம், தரகருக்குக் கமிஷன், வழியில் மாமூல். இவ்வளவும் போக வர வேண்டிய வாடகையோ ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கழித்தே வருகிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். அதைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது என்பதும் உண்மை. எல்லாச் செலவும் நிலையாக நிற்க, பிடித்து அழுத்த இடம் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். அது ஓட்டுநரின் படி.

எனவே நியாயம் என்பதை நல்லெண்ணமாகப் பேசாமல் கணக்காகவே பார்ப்போம். புத்தலப்பட்டிலிருந்து தில்லி ஆசாத்பூர் மண்டி ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். சுங்கச்சாவடி, மலைப்பாதை, ஊர் நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் என்பதே பாரம் ஏற்றிய லாரிக்குத் தாராளமான சராசரி. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 320 கிலோமீட்டர். ஆக, ஒற்றை ஓட்டுநருக்கு அது ஏழு நாள் பயணம். ஜிஎஸ்டி மின்வழிச் சீட்டு 2021 ஜனவரி முதல் நாளுக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில் செல்லுபடியாகிறது. இந்தத் தூரத்துக்கு அது 11 நாள் தருகிறது. சட்டம் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்துபவர் சரக்கை அனுப்புபவர். பழச் சரக்கை நான்கு நாளில் சேர்க்கச் சொன்னால், ஓட்டுநர் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். அழுகும் சரக்குக்கு அவசரம் தேவை என்பதை மறுக்கவில்லை. அப்படியானால் வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் சம்பளம் வாடகையில் சேர வேண்டும். இதில் வேறு வழி ஏதுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு விதி நம்மிடம் இருந்தது. தேசிய அனுமதி பெற்ற லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஒருவர் படுத்துறங்க இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறின. ஓட்டுநர் பற்றாக்குறையையும் செலவையும் காரணம் காட்டி உரிமையாளர் தரப்பு எதிர்த்து வந்தது. 2018இல் மத்திய அரசு இரண்டு ஓட்டுநர் கட்டாயத்தை நீக்கிவிட்டது. முன்பும் அந்த விதி காகிதத்தில்தான் இருந்தது என்பார்கள். காகிதத்திலாவது இருந்தபோது, வாடகை பேசும் இடத்தில் அதைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இப்போது அதுவும் இல்லை.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் தெளிவாகவே இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு. மிகைநேரப் பணிக்கு இரட்டிப்புக் கூலி. முதலாளியின் வசத்திலோ, அவர் சார்பில் பணிகோரும் உரிமையுள்ள வேறொருவரின் வசத்திலோ தொழிலாளி இருக்கும் நேரம் வேலை நேரமே என்றும் அது கூறியது. முனையங்களில் வெறுமனே காத்திருப்பதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், கால் மணி நேரத்துக்கு உட்பட்ட காத்திருப்பையே வேலை நேரத்தோடு சேர்த்தது. காத்திருப்பு என்றால் அவ்வளவுதான் இருக்கும் என்று அன்று சட்டம் எழுதியவர்கள் எண்ணினார்கள் போலும். மாங்கூழ் ஆலை வாசலை அவர்கள் பார்த்ததில்லை.

இந்தச் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குப் பொருந்தியது. அதற்கும் குறைவானவற்றுக்கு நீட்டிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கு இன்றும் பேசப்படுகிறது. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், ஓட்டுநர்களின் வேலை நேர வரம்பை நடைமுறைப்படுத்த மாநிலங்களைக் கூட்டி வழிகாணுமாறு மத்திய அரசைப் பணித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கிய சட்டம் விழித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஏழே மாதத்தில், 2025 நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தாகிப் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச் சூழல் தொகுப்புச் சட்டத்தில் கரைந்தது. புதிய சட்டத்தில் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கான வரம்பு ஐந்து அல்ல, பத்துத் தொழிலாளர்கள். நான்கு லாரி, நான்கு ஓட்டுநர், இரண்டு கிளீனர் வைத்திருப்பவர் நேற்றுவரை உள்ளே இருந்தார், இன்று வெளியே. போக்குவரத்து வாகனத்தை ஓட்டும் எவருக்கும் வேலை நேர வரம்பு உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவு சொல்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பிரிவு சுட்டுவதோ இப்போது இல்லாத அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை. ரத்தான சட்டத்தின் இடத்தில் புதியதை வைத்துப் படித்துக்கொள்ளலாம் என்று வழக்கறிஞர்கள் வாதாடக்கூடும். புதியதோ பத்துப் பேர் என்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் ஓட்டுநர் இந்த வாதத்தை எந்த நீதிமன்றத்தில் போய் நடத்துவார்?

வருங்கால வைப்பு நிதிக்கு வரம்பு இருபது பேர். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பத்துப் பேர். அங்கும் மூன்று லாரிக்காரரின் ஓட்டுநருக்கு இடமில்லை.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒரே ஒரு லாரி, ஒரே ஓர் ஓட்டுநர் என்றாலும் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். ஊதியச் சீட்டு தர வேண்டும். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். டீசல் குறைந்தது, தார்ப்பாய் கிழிந்தது, சரக்கு சேதம் என்று சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் ஓட்டுநரிடம் விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது. மொத்தப் பிடித்தமும் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. லாரித் தொழிலில் சண்டை பெரும்பாலும் இந்தப் பிடித்தத்தில்தான் தொடங்குகிறது என்பது அறிந்தவர்களுக்குத் தெரியும்.

படிக்கும் இச்சட்டம் ஒரு வரம்பு கட்டுகிறது. பயணச் செலவு, பணியின் தன்மையால் நேரும் தனிச் செலவு, கமிஷன் போன்றவை ஊதியம் ஆகா. ஆனால் அவை மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். உதாரணத்துக்கு, ஓர் ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் 8,000 ரூபாய், படி 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24,000, பாதி 12,000. படியில் 4,000 ரூபாய் சம்பளத்தோடு சேர்ந்து ஊதியம் 12,000 ஆகிறது. நாளை விபத்து இழப்பீடோ, பணிக்கொடையோ கணக்கிட நேர்ந்தால் இந்த வேறுபாடு சிறியதல்ல. படியைப் பெருக்கிச் சம்பளத்தைச் சுருக்கும் பழைய உபாயம் இனி முழுதாகப் பலிக்காது. இது எத்தனை உரிமையாளர்களுக்குத் தெரியும்? ஓட்டுநர்களை விடுங்கள், தொழிலாளர் துறை இதை லாரிப் பேட்டைகளில் தமிழிலோ தெலுங்கிலோ ஒரு தட்டியாகவாவது எழுதி வைத்திருக்கிறதா?

அதைவிட முக்கியமானது, எத்தனை மணி நேரம் ஒரு சாதாரண வேலை நாள் என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தை இச்சட்டம் அரசுக்குத் தருகிறது என்பது. தனியார் லாரிகளைப் பொறுத்தவரை அந்த அரசு, மாநில அரசு. ஆந்திரமும் தமிழ்நாடும் விரும்பினால், ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நாளில் சேர்த்து விதி செய்ய முனையலாம். ஒரு சட்டத்தில் பறிபோனதை இன்னொன்றில் ஓரளவு மீட்க இதுவே வழி.

விதி வரும்வரை சிறு உரிமையாளர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சாப்பாட்டுப் படி வேறு, கூலி வேறு என்று முதலில் பிரிக்கலாம். வீட்டை விட்டு வெளியே இருக்கும் மனிதன் நின்றாலும் ஓடினாலும் மூன்று வேளை சாப்பிடத்தான் வேண்டும். அந்தப் பணம் கிலோமீட்டரைப் பார்த்து வரக் கூடாது. லாரி ஏற்றுமிடத்துக்குச் சென்று சேர்ந்த நேரமும் புறப்பட்ட நேரமும் நடைச் சீட்டில் குறிக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஓட்டுநருக்கு நிறுத்தப் படி கிடைக்க வேண்டும். அனுப்புபவரிடமிருந்து ஹால்டிங் வந்தால் தருகிறேன் என்பது பதிலாகாது. வந்தாலும் வராவிட்டாலும் தருவதே கூலி. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பாரம் ஏற்றச் சொன்னவர் உரிமையாளரோ ஆலையோ என்றிருக்க, அபராதத்தை ஓட்டுநர் கணக்கில் எழுதுவது அநீதி. வண்டி ஓடும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எங்கே இருக்கிறாய் என்று தொலைபேசியில் கேட்பதையும் நிறுத்தலாம். சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி அவர் கைக்கே வந்துவிடுகிறது.

ஓட்டுநரிடம் எதிர்பார்க்கவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு. டீசல் கணக்கு நேராக இருக்க வேண்டும், வழியில் ஆளோ தனிச் சரக்கோ ஏற்றக் கூடாது, மது கூடாது, புறப்படும் முன் டயரும் பிரேக்கும் பார்க்கப்பட வேண்டும். மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து மிஞ்சியது உன்னுடையது என்று அனுப்பும் முறையில் இவற்றைக் கேட்க முடியாது. மிச்சம் பிடிப்பதையே கூலியாக்கிவிட்டு, ஏன் டீசலில் மிச்சம் பிடித்தாய் என்று கேட்பது எப்படி?

இதற்கெல்லாம் உரிமையாளர் சொல்லும் பதில் நமக்குத் தெரியும்: நான் கூட்டிக் கொடுத்தால் அடுத்த ஆள் குறைத்து வாடகை பேசுவான். உண்மை. தனி ஒருவர் நேர்மையாக இருந்தால் நஷ்டமடையும் தொழில் இது. ஆகவேதான் விதி பொதுவாக இருக்க வேண்டும். அதன் பொறுப்பு சரக்கை அனுப்புபவரையும் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஓடிய தூரத்தையோ சுமந்த சரக்கின் அளவையோ வைத்து ஊதியம் தருவது சாலைப் பாதுகாப்புக்கு ஊறு செய்யுமானால் அத்தகைய ஊதியத்தையே தடை செய்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு கட்டாயம். அமெரிக்காவில் ஜே.பி. ஹன்ட் என்ற லாரி நிறுவனம் 1997இல் ஓட்டுநர் ஊதியத்தைக் கணிசமாக உயர்த்தியது. ஆட்கள் விலகுவதும் விபத்துகளும் குறைந்தன என்பதைப் பொருளியல் அறிஞர் மைக்கேல் பெல்சரும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். பெரிய நிறுவனத்துக்கு முடியும், மூன்று லாரிக்காரருக்கு முடியுமா என்ற ஐயம் எழலாம். நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் லாரி உரிமையாளர் சங்கங்கள் வலுவாக இருக்கின்றன. வாடகைக்காகவும் டீசல் விலைக்காகவும் வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த சங்கங்களுக்கு, இத்தனை மணி நேரத்துக்கு மேல் எங்கள் வண்டி உங்கள் வாசலில் இலவசமாக நிற்காது என்று ஆலைகளிடம் ஒரே குரலில் சொல்லத் தெரியாதா?

அரசியல் கட்சிகளின் மௌனத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஆந்திர அரசு 2025 அக்டோபரில் ஆட்டோ, வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது. சொந்த வண்டி ஓட்டுபவர்கள் அவர்கள், உள்ளூரில் இருப்பவர்கள், தேர்தல் நாளில் வாக்களிப்பவர்கள். பிறர் லாரியை ஓட்டிக்கொண்டு தேர்தல் நாளில் நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அது உதவித்தொகை தரும், கூலியை நிர்ணயிக்காது. மத்திய அரசோ, 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்றது. வரவேற்கத்தக்கதே. குளிர்ந்த அறையில் அமர்ந்து பதினான்கு மணி நேரம் ஓட்டச் சொல்ல மாட்டார்கள் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

2024 ஜனவரியின் முதல் இரண்டு நாள்களில், விபத்து நடந்த இடத்தை விட்டுச் சென்றால் பத்தாண்டு சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதா பிரிவை எதிர்த்து ஓட்டுநர்கள் நாடெங்கும் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. கலந்து பேசாமல் அப்பிரிவை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று உள்துறை அமைச்சகம் அன்றிரவே அறிவித்தது. அந்தச் சட்டம் 2024 ஜூலையில் அமலானபோது அப்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. தண்டனையைப் பற்றிப் பேச ஓட்டுநர்களை அழைக்க முடிந்த அரசுக்கு, வேலை நேர வரம்பை ஐந்து பேரிலிருந்து பத்துப் பேராக உயர்த்துவதன் விளைவை அவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

சித்தூரில் மாங்காய் ஆலைக்கு வரத் தொடங்குவது மே மாதக் கடைசியில். கிலோவுக்கு என்ன விலை என்று பேச ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட ஆட்சியர் விவசாயிகளையும் ஆலை முதலாளிகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறார். அந்த மேசையில் லாரி உரிமையாளர் ஒருவருக்கும் ஓட்டுநர் ஒருவருக்கும் நாற்காலி போட்டு, வாசலில் நிற்கும் வண்டிக்கு மணிக்கு எவ்வளவு, அதில் ஓட்டுநருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்க நாடாளுமன்றத்தில் திருத்தம் தேவையில்லை. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் வேலை நாள் குறித்த அறிவிக்கையை அமராவதியும் சென்னையும் வெளியிடுவதற்குத் தில்லியின் அனுமதியும் தேவையில்லை.